சோகோல்னிகியில் ஓர் இலையுதிர் நாள்

எங்கள் வீட்டு முன்கூடத்தில், சன்னலுக்கு எதிர்ச் சுவரில், நெடுங்காலமாக ஒரு படம் தொங்கிக் கொண்டிருந்தது. சோவியத் நாட்டில் அச்சாகி வந்த ஓர் இதழிலிருந்து பிரித்தெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வாப்பா மாட்டிய படம் அது. இருபுறமும் வானளாவிய மரங்கள். நடுவே வளைந்து செல்லும் பாதை. அதில் கறுப்பு உடையணிந்து தனியே நடந்து வரும் ஒரு பெண். படம் முழுவதும் நீலம் பாய்ந்து கிடந்ததால், அது கடுங்குளிர்காலக் காட்சி என்றே நான் எண்ணியிருந்தேன்.

2018இல் அலுவல் நிமித்தம் மாஸ்கோ செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது, உம்மா அந்தப் படத்தைக் காட்டிச் சொன்னார்கள்: "இந்தப் புள்ள தனியா எங்கே போவுதுன்னு கேட்டுட்டு வா தம்பி. உங்க வாப்பா இருந்தவரைக்கும் அவங்களுக்கும் தெரியலே."

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் லாவ்ருஷின்ஸ்கி சந்தில் உள்ள திரெத்யகோவ் ஓவியக் கூடத்தின் படியேறினேன். பாவெல் திரெத்யகோவ் என்னும் வணிகர் தம் செல்வத்தைக் கொட்டிச் சேர்த்த ஓவியங்களை, 1892இல் மாஸ்கோ நகருக்கே கொடையாக வழங்கினார். அவற்றுள் ஒன்றுதான் எங்கள் வீட்டுப் படத்தின் மூலம். 'இலையுதிர் நாள். சோகோல்னிகி' என்பது அதன் பெயர், ஆண்டு 1879. வரைந்தவர் ஈசாக் லெவிதான்.

அதன் முன் நின்றதும் திகைத்துப் போனேன். குளிர்காலம் எங்கே? பாதையின் இருமருங்கும் இளமரங்கள் மஞ்சள் இலைகளை ஏந்தி நிற்கின்றன. உதிர்ந்த இலைகள் ஓரங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் பின்னே கரும்பச்சைப் பைன் மரங்கள். மேலே கலைந்தோடும் மேகங்கள். இவ்வளவு மஞ்சளையும் எங்கள் வீட்டுப் படம் எங்கே தொலைத்தது?

விடை எளியது. சாதாரண அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் நுண்புள்ளிகளே எல்லா வண்ணங்களையும் உண்டாக்குகின்றன. வெயில் படப்பட மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளிறுகின்றன. நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கின்றன. எங்கள் முன்கூடத்துச் சன்னல் வெயில், ஆண்டுக்கணக்கில் இலைகளின் நிறத்தைக் குடித்துவிட்டிருந்தது.

அந்த ஓவியத்தை வரைந்தபோது லெவிதான், மாஸ்கோ ஓவிய, சிற்ப, கட்டடக் கலைப் பள்ளியின் மாணவர். வயது பத்தொன்பதைத் தாண்டவில்லை. 1875இல் தாயையும் 1877இல் தந்தையையும் இழந்தவர். வறுமையின் காரணமாகப் பள்ளிக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெற்றவர். சவ்ராசோவ் என்னும் நிலக்காட்சி ஓவியர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். 1879இல் ஜார் மன்னரைக் கொல்ல ஒருவன் முயன்றதைத் தொடர்ந்து, யூதர்கள் மாஸ்கோவில் வசிக்கத் தடை வந்தது. யூதராகிய லெவிதானின் குடும்பமும் நகரைவிட்டுச் சால்திகோவ்கா என்னும் புறநகர்ச் சிற்றூருக்குப் போயிற்று. குற்றம் யாரோ செய்தது. ஊரை இழந்தவர் இந்த இளைஞர். அதே ஆண்டில்தான் மாஸ்கோவின் ஒரு பூங்காப் பாதை அவர் தூரிகையில் உருப்பெற்றது.

மாணவர் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்த ஓவியத்தை 1880இல் திரெத்யகோவ் விலைக்கு வாங்கினார். பெயரறியா மாணவனுக்கு அது எத்துணைப் பெரிய ஊக்கமாக இருந்திருக்கும்! ஆயினும் துன்பம் அத்துடன் தீரவில்லை. 1892இல் லெவிதான் மீண்டும் மாஸ்கோவைவிட்டு வெளியேற்றப்பட்டார். அவருடைய ஓவியங்கள் நகரின் சொத்தான அதே ஆண்டில், அவருக்கு அந்நகரில் இடமில்லை! நண்பர்களின் முயற்சியால் திரும்பி வந்தார். 1898இல் தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார். 1900இல், நாற்பது வயது நிறைவதற்குள், இதய நோயால் மறைந்தார்.

உம்மாவின் கேள்விக்கும் விடை கிடைத்தது. அந்தப் பெண்ணை வரைந்தவர் லெவிதான் அல்லர். அவருடன் பயின்ற நிக்கொலாய் செக்காவ். எழுத்தாளர் அந்தோன் செக்காவின் அண்ணன். லெவிதானின் நிலக்காட்சிகளில் மனித உருவம் மிக அரிது. நண்பனின் ஆளரவமற்ற பாதையில் நிக்கொலாய் ஒரு துணையை நடக்கவிட்டார் போலும்.

மறுநாள் சுரங்க ரயிலேறிச் சோகோல்னிகி சென்றேன். 1935இல் மாஸ்கோவின் முதல் சுரங்க ரயில் பாதை தொடங்கிய நிலையம் அது. ஜார் மன்னர்களின் வேட்டை வல்லூறுகளைப் பேணியவர்கள் வாழ்ந்த இடமாதலால், வல்லூறைக் குறிக்கும் 'சோகோல்' என்ற சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இன்று அது குழந்தைகளும் முதியோரும் நிறைந்த பெரும் பூங்கா. ஓவியத்தின் பாதை எது என்று தேடினேன். எல்லாப் பாதைகளும் அதுவாகவே தோன்றின.

திரும்புகையில் ஒரு புதிய பிரதி வாங்கிக் கொண்டேன். மூல ஓவியத்தைச் சீரான ஒளியில் நுட்பமாகப் படமெடுத்து, அமிலம் நீக்கிய பருத்தித் தாளில், எளிதில் வெளிறாத நிறமி மைகளால் அச்சிட்டது. நான்கு மைகளுக்குப் பதில் எட்டும் அதற்கு மேலும் பயன்படுவதால் மென்மையான வண்ணச் சாயல்களும் கிட்டுகின்றன. எனினும் நேர் வெயில் எந்தப் பிரதிக்கும் பகையே. வீட்டில் படம் மாட்டும் வாசகர்கள் இதை நினைவிற் கொள்வது நலம்.

விரித்துக் காட்டியபோது உம்மா வெகுநேரம் பார்த்தார்கள். "இலையெல்லாம் மஞ்சளாவா இருந்துச்சு? உங்க வாப்பா வாங்கியாந்தப்போ இப்படித்தான் இருந்துச்சு. எனக்கு மறந்தே போச்சு" என்றார்கள்.

புதிய படத்தை வெயில் எட்டாத உள்ளறைச் சுவரில் மாட்டினோம். பழைய படத்தைக் கழற்ற உம்மா சம்மதிக்கவில்லை. அது முன்கூடத்திலேயே இருக்கிறது. சன்னலுக்கு மட்டும் இப்போது ஒரு திரை போட்டிருக்கிறோம்.