நாடகப் பிரதியைக் கேட்ட சட்டம்

நடிகர் எம்.ஆர்.ராதா வழக்கு என்றால் இளம் வக்கீல்கள் எல்லாரும் 1967 ஜனவரி 12-ஐப் பற்றித்தான் கேட்பார்கள். ராமாவரம் தோட்டம், எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்த குண்டு, செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட், ஏழாண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் குறைப்பு, 1971-இல் விடுதலை. அதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்த மனிதர் மேடையில் பேசியதை அடக்க வந்த 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டம்தான் எனக்குப் பெரிய விஷயம். அந்தச் சட்டத்தோடு நான் நேரடியாக மோதிய வழக்கு ஒன்று உண்டு.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. சென்னை பெசன்ட் நகரில் ஒரு சிறிய நாடகக் குழு. வங்கியில் வேலை பார்த்த ஒருவர், தையல் கடைக்காரர் ஒருவர், மற்றபடி கல்லூரிப் பிள்ளைகள். சாயங்காலம் எலியட்ஸ் கடற்கரை மணலில் ஒத்திகை. தண்ணீர் லாரியைப் பற்றிய நாடகம். குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்கள், லாரியைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பிக்கொள்ளும் ஒரு கவுன்சிலர். கோடையில் இந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்கு அதில் கற்பனை எது, உண்மை எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. போலீஸ் அனுமதி இருந்தால்தான் சாவி என்றார் மண்டபக்காரர். பிரதியை எடுத்துக்கொண்டு போனார்கள். பார்த்த அதிகாரி கோபப்படவில்லை. "தம்பி, அந்தக் கவுன்சிலர் வர்ற சீனை மட்டும் எடுத்துடுங்க, உடனே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றாராம். எடுக்க முடியாது என்றதும் "அப்ப மேல கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

"சார், தடைன்னு எழுதிக் குடுத்தாக்கூடப் பரவாயில்லை, எதுவுமே சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று அந்த வங்கிக்காரர் என்னிடம் வந்து சொன்னார். வக்கீலுக்கு இது மிகவும் கடினமான நிலைமை. தடை உத்தரவு இருந்தால் அதை ரத்து செய்யக் கேட்கலாம். மௌனத்தை எப்படி ரத்து செய்யச் சொல்வது? முடிவெடுக்கும்படி அதிகாரிக்கு உத்தரவிடக் கோரி ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டேன்.

மனுவுக்காகப் படித்தபோதுதான் ராதாவின் கதை எனக்கு முழுசாகப் புரிந்தது. அவருடைய ராமாயண நாடகம் கிளப்பிய கொந்தளிப்பின் தொடர்ச்சியாகவே 1954 சட்டம் வந்தது. பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கவும், 'ஆட்சேபகரமானது' என்று தோன்றினால் நிறுத்தவும் அதிகாரிகளுக்கு அது அதிகாரம் தந்தது. வங்காள மேடையை அடக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசு அது. அதே 1954-இல்தான் 'ரத்தக்கண்ணீர்' படமும் வெளியானது. சாமியையும் சாதியையும் பணத்திமிரையும் கேலி செய்த அதே குரல், சென்சார் சான்றிதழோடு கொட்டகை கொட்டகையாகக் கேட்டது. மேடையில் நேரில் பேசினால் மட்டும் போலீஸ் பார்த்த பிறகு பேச வேண்டும்.

ராதா அஞ்சவில்லை. தடை உத்தரவில் நாடகத்தின் பெயர்தானே இருக்கும்? பெயரை மாற்றி அதே நாடகத்தைப் போட்டார். மனம் புண்படுகிறவர்கள் தன் நாடகத்துக்கு வர வேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்று விளம்பரமே செய்தார். கைதானார், வெளியே வந்தார், மறுபடி மேடை ஏறினார். ஊர் ஊராகக் கூட்டம் சேர்க்கும் சொந்தக் கம்பெனி இருந்ததால் அவரால் அது முடிந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரே ஒரு நாள் மண்டபம் எடுத்த என் கட்சிக்காரர்களுக்கு அந்த வழி இல்லை.

அலகாபாத் ஹைகோர்ட்டின் 1956 தீர்ப்பை முக்கிய ஆதாரமாக வைத்தேன். பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை நாடகமாக்கிய லக்னோ 'இப்டா' குழுவினர் மீது போட்ட வழக்கில், 1876 சட்டம் அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதது என்று சொன்ன தீர்ப்பு அது. லண்டனில்கூட நாடகத்துக்கு முன்தணிக்கை 1968-இல் ஒழிந்துவிட்டது என்றும் எழுதினேன். 'நியூ இந்தியா' பத்திரிகைக்காகக் கட்டிய ஜாமீன் தொகையை 1916-இல் மதராஸ் சர்க்காரிடம் பறிகொடுத்தவர் அன்னி பெசன்ட். அவர் பெயரைத் தாங்கிய பகுதியில் இருப்பவர்கள் வாயைத் திறக்கப் போலீஸ் சம்மதம் கேட்டு நிற்பது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அரசுத் தரப்பு பதில் மனுவுக்கு வாய்தா கேட்டது. மறுபடி கேட்டது. மனு பரிசீலனையில் இருக்கிறது என்றது. இதற்குள் நாடகத் தேதி போய்விட்டது. தேதி போன பிறகு உத்தரவிட எதுவும் மிச்சமில்லை என்று மனுவை முடித்துவைத்தார்கள். மண்டப முன்பணம் திரும்பவில்லை. சிலர் வேலை தேடி வெளியூர் போனார்கள், குழுவும் கலைந்தது. அந்தச் சட்டத்தின் உண்மையான பலம் தாமதம்தான் என்று அன்று கண்டுகொண்டேன். தடுத்ததாகக் காகிதத்தில் ஒரு வரிகூட இருக்காது, நாடகம் மட்டும் நடக்காது. கோர்ட்டில் நிற்க வாய்ப்பே தராமல் ஒரு குரலை அழிப்பதைவிடக் கொடுமை வேறு இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்தச் சட்டத்துக்கு முடிவு கட்டியவர் 'பரீக்ஷா' நாடகக் குழுவின் ஞாநி. ஒரு குறிப்பிட்ட நாடகத்தின் தேதியை நம்பாமல் அவர் சட்டத்தின் செல்லுபடியையே கேள்வி கேட்டார். அதனால் தேதி போய்விட்டது என்று சொல்லி யாரும் தப்ப முடியவில்லை. 2013-இல் சென்னை ஹைகோர்ட், 1954 சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று செல்லாதாக்கியது. ராதா இறந்து அப்போது 33 வருஷம் ஆகியிருந்தது. தீர்ப்பின் நகலை என் பழைய கட்சிக்காரருக்குத் தபாலில் அனுப்பினேன்.

நாடகம் போடும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். 1954 சட்டத்தைக் காட்டி யாராவது உங்கள் பிரதியைக் கேட்டால், ஞாநி வழக்கின் தீர்ப்பைக் காட்டுங்கள். வாய்மொழியாக மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள்.