ஸ்டார்ட் ஆகுது... ஆனா அடங்கிடுதே!

கார் ஸ்டார்ட்டே ஆகலைன்னா, பார்க்கிறவங்க எல்லாரும் "பேட்டரியா இருக்கும்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஆனா ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச நேரத்துல "டப்"புன்னு அடங்கிடுச்சுன்னா? ஆளுக்கொரு வைத்தியம். பம்பை மாத்து, பிளக்கை மாத்து, பெட்ரோல் பங்க்கை மாத்து...

மக்களே, ஸ்டார்ட் ஆகறது வேற, தொடர்ந்து ஓடறது வேற. சாவியைத் திருப்பும்போது இன்ஜினைச் சுத்தி விடறது ஸ்டார்ட்டர் மோட்டார். சாவியை விட்டதும் இன்ஜின் சொந்தக் கால்ல நிக்கணும். ஐடிலிங்ல 800 ஆர்பிஎம்னு வச்சா, நாலு சிலிண்டர் இன்ஜின்ல நிமிஷத்துக்கு 1600 தடவை பெட்ரோல் பத்தி எரியணும். அத்தனை தடவையும் காத்து, பெட்ரோல், தீப்பொறி மூணும் சரியா வந்து சேரணும். (1 கிராம் பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிராம் காத்து. செமஸ்டர்ல கேப்பாங்க, குறிச்சுக்கோங்க!)

ஸ்டார்ட் ஆச்சுன்னாலே மூணும் ஒரு தடவையாவது வந்திருக்குன்னு அர்த்தம். அதனால முதல் கேள்வி, "எப்ப அடங்குது?"

* ரெண்டே செகண்டுலயா? டாஷ்போர்டுல சாவி படம் போட்ட லைட் மின்னுதா பாருங்க. இம்மொபிலைசர் வேலையா இருக்கலாம். ஸ்பேர் சாவி போட்டுப் பாருங்க.

* ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சா ஓடுது, காலை எடுத்தா அடங்குதா? ஐடிலிங்குக்குப் போற காத்துல சிக்கல். த்ராட்டில் பாடில கரி படிஞ்சிருக்கலாம், ஐடில் வால்வு சிக்கியிருக்கலாம்.

* மிதிச்சாலும் திணறிச் சாகுதா? பெட்ரோல் பத்தலை. சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க. பல வண்டிகள்ல பின் சீட் பக்கம் ரெண்டு செகண்ட் பம்பு முனகற சத்தம் வரும். வரலைன்னா முதல்ல ஃபியூஸ், ரிலே பாருங்க.

* சூடானா அடங்கி, ஆறினதும் ஓடுதா? கிராங்க் சென்சார் மேல சந்தேகப்படலாம்.

எங்க மாமா டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டறவர். போன ஆவணி முகூர்த்த சமயத்துல வண்டி இப்படி மக்கர் பண்ணுச்சு. நாலு கல்யாண டிரிப் கையில, மாசக் கடைசியில டியூ கட்டணும். ஒரு வொர்க்‌ஷாப்ல பம்பு மாத்த ஒன்பதாயிரம் கேட்டாங்க.

"மாமா, எங்க நிக்குது?"

"சிக்னல்ல மாப்ளே. ஏ.சி. போட்டா உடனே போயிடுது. லேசா மிதிச்சுக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகலை."

"மேம்பாலம் ஏறும்போது?"

"அதெல்லாம் ஜம்முனு ஏறுது."

பம்பு வீக்கா இருந்தா மேம்பாலத்துலதானே திணறணும்? வேற மெக்கானிக்கிட்ட போய் த்ராட்டில் பாடியைக் கழட்டினோம். உள்ள அடுப்புக்கரி மாதிரி அப்பியிருந்துச்சு. கிளீனர் டின், கூலி எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. மறுநாள் விடியக்காலை டிரிப்புக்கு வண்டி கிளம்பிடுச்சு.

முதல் வொர்க்‌ஷாப்காரர் ஏமாத்தினார்னு சொல்ல வரலை. மாமா "வண்டி நின்னு போகுது"ன்னு மட்டும் சொல்லியிருக்கார், அவரும் "எப்ப"ன்னு கேக்கலை. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒன்பதாயிரம் போகப் பார்த்துச்சு.

ரெண்டு எச்சரிக்கை. மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓட விட்டு சோதிக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ரோட்டுல போகும்போதே அடங்கினா பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனமாயிடும். பதறாம, விட்டு விட்டு மிதிக்காம, ஒரே அழுத்தா அழுத்தி ஓரங்கட்டுங்க. அந்த நிலைமைக்கு வந்த வண்டியை "அப்புறம் பார்த்துக்கலாம்"னு ஓட்டாதீங்க.

மெக்கானிக்கிட்ட போகும்போது ஒரு துண்டுச்சீட்டுல எழுதிட்டுப் போங்க: காலையிலயா சூடானப்புறமா, ஏ.சி. போட்டா இல்லாமலா, மிதிச்சா பிழைக்குதா, எத்தனை செகண்டுல அடங்குது. அஞ்சு நிமிஷ வேலை. சில சமயம் அதோட விலை ஒரு பெட்ரோல் பம்பு!