நாக்கு செய்ததும் வாய் சொன்னதும்

என் மேலுதட்டில் காசு விளிம்பு பதிந்தாற்போல ஒரு வளையத் தடம் இருக்கிறது. கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதிய காலத்தின் மிச்சம். உச்ச சுரம் எட்டாதபோதெல்லாம் மவுத்பீஸை உதட்டோடு வைத்து அழுத்துவேன். மாப்பிள்ளை அழைப்பு மண்டபம் சேருவதற்குள் உதடு மரத்துப்போகும். லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அப்படி ஊதி உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டவர்தான் என்று பிற்பாடு அறிந்தபோது, அற்பமாக ஓர் ஆறுதல்.

டிரம்பெட்டுக்கு மூன்றே வால்வு. ஒன்றையும் அமுக்காமலே ச, ப, மேல் ச, அதற்கும் மேலே க, ப என்று வரும். விரல் அசையாமல் சுரம் ஏறவேண்டுமானால் உதடு வேகமாக அதிரவேண்டும். எனக்கு அதற்குத் தெரிந்த வழி அழுத்துவது ஒன்றுதான்.

"நாக்கைக் கீழே படுக்கப் போடுடா, தொண்டை திறக்கட்டும்" என்பார் மாஸ்டர். அவர் இரவு முழுக்க ஊதினாலும் உதடு சிவக்காது. அப்படிப்பட்டவர் சொல்லைச் சந்தேகிக்கத் தோன்றுமா? பத்து வருஷம் படுக்கப் போட்டேன்.

ஒருநாள் டீக்கடை பெஞ்சில் சும்மா சீட்டி அடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு மேலே போனபோது நாக்கின் முதுகு தானாக எழும்பியது. கீழே வந்தால் தணிந்தது. அன்றிரவே கருவியை எடுத்து, கீழ் சுரத்துக்கு 'ஆ', மேல் சுரத்துக்கு 'ஈ' என்று மனசுக்குள் சொல்லி ஊதினேன். அழுத்தாமலே ஏறியது. தமிழாசிரியர் ஒருவரிடம் சொன்னேன். சிரித்தார். ஈகாரம் பிறக்கும்போது அடிநாவின் விளிம்பு மேற்பல்லைத் தொடும் என்று தொல்காப்பியம் பிறப்பியலில் இருக்கிறதாம். வேகமான இடங்களில் நாங்கள் போடும் 'து-கு, து-கு'வும் அப்படித்தான். 'து'வுக்கு நுனிநா, 'கு'வுக்கு அடிநா. நாகஸ்வரக்காரர்கள் துத்துகாரம் என்று எப்போதோ பெயரே வைத்துவிட்டார்கள்.

போன வருஷம் பேரன் போனில் ஒரு படம் காட்டினான். பெர்லின் பில்ஹார்மோனிக்கில் ஹார்ன் வாசிக்கும் சாரா வில்லிஸ், எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுத்து ஊதுகிறார். வாய்க்குள் நாக்கு ஓயாமல் எழுந்தும் தணிந்தும் நெளிகிறது. அதைப் பார்த்ததும் மாஸ்டர் ஞாபகம்தான். அவர் நாக்கும் எழும்பித்தான் இருக்கும். அவருக்குப் படுத்திருப்பதாகத் தோன்றியிருக்கிறது, தோன்றியதைத்தான் சொன்னார். பொய் சொல்லவில்லை, பாவம்.

இப்போது மாலையில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். "சீட்டி அடிக்கிற மாதிரி நாக்கை வை" என்பேன். "எனக்குச் சீட்டி வராதே தாத்தா" என்றாள் ஒருத்தி. சரி, 'ஆ, ஈ' சொல்லிப் பழகு என்றேன். அவள் கேட்டதாகவே தெரியவில்லை. நாலாம் நாள் வந்து, மேல் 'ப'வை அலுங்காமல் ஊதினாள்.

"நாக்கை என்ன பண்ணினே?"

"ஒண்ணுமே பண்ணலை தாத்தா. அது பாட்டுக்குக் கிடந்துச்சு."