பையிலுள்ள பணமும் மேஜைக் கம்ப்யூட்டரும்

குறைந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய சாமான் வாங்கப் புறப்படுகிறவனுக்கு உலகத்தில் ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது. பணம் நிறைய உள்ளவனிடம் ஒருவரும் வாய் திறப்பதில்லை, அவன் எதை வாங்கினாலும் "பேஷான சாமான்!" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் ஒரு மேஜைக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறோம் என்று தெரிந்தால் போதும்; மாடி வீட்டுக்காரர் ஒரு யோசனை, மைத்துனர் ஒரு யோசனை, ஆபீஸ் நண்பர் மூன்று யோசனை. இவ்வளவு யோசனைகளுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. "இன்னும் ஓர் ஐயாயிரம் மட்டும் சேர்த்துப் போட்டால்..." என்று ஆரம்பமாகாத யோசனை அவற்றில் ஒன்றுகூட இராது.

அந்த ஐயாயிரத்தை ஒப்புக்கொண்டால், அதற்கு மேல் இன்னோர் ஐயாயிரம் காத்திருக்கும். வாமனனாகப் புறப்பட்ட செலவு திரிவிக்கிரமனாக வளர்ந்து, மூன்றாவது அடிக்கு நம்முடைய தலையையே கேட்கும். ஆகையால், கம்ப்யூட்டர் வாங்கும் சாஸ்திரத்தில் முதல் பாடம் யந்திரத்தைப் பற்றியதன்று. "இவ்வளவுதான், இதற்குமேல் ஒரு காசு இல்லை" என்று சொல்லத் தெரிவதே முதல் பாடம்.

நம் வீட்டில் அந்த 'இவ்வளவு' என்பது 45,000 ரூபாய். வீட்டு அம்மாள் இரண்டு வருஷமாகக் கட்டிவந்த சீட்டுப் பணம் அது. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த பழைய கம்ப்யூட்டர், ஒரு மழைக்கால இரவில் மின்சாரம் போய்த் திரும்பி வந்த அதிர்ச்சியில் உயிரை விட்டுவிட்டது. பழுது பார்க்க வந்தவர் மதர்போர்டு போய்விட்டதென்றும், அந்த ஜாதி போர்டுகள் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லையென்றும் சொல்லிக் கையை விரித்தார். வேறு பழுதாக இருந்தால் புது யந்திரத்தைப் பற்றிய பேச்சுக்கே இடம் இராது. பழைய கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் புதிது வாங்க நினைக்கும் வாசகர்கள், முதலில் அதிலுள்ள ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஓர் எஸ்.எஸ்.டி.யை வைத்துப் பார்க்கட்டும். பாதிப் பேருக்குப் புதிது வாங்கும் எண்ணமே போய்விடும்.

நிற்க. வீட்டில் ஒரே யந்திரம்; அதற்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் நான்கு பேர். மூத்த பெண் பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்திருக்கிறாள். யந்திரம் போன நாளிலிருந்து, உள்ளங்கை அகலமுள்ள கைப்பேசியில் பைதான் புரோகிராம்களை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். வீட்டு அம்மாள் பொடியும் வடகமும் செய்து விற்பவர். கணக்கு, விலைச் சீட்டு, வாடிக்கைக்காரர் ஜாபிதா எல்லாம் அவருக்கு அதில்தான். நம் தகப்பனாருக்கு வயது எழுபத்தெட்டு. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் நூலகத்திலும் உள்ள பழைய புத்தகங்களை எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பது அவருடைய மாலை நேரத் தொழில். கடைசியாகச் சின்னப் பையன். அவனுக்கு வேண்டியது விளையாட்டு. "கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கம்ப்யூட்டர் எதற்கு அப்பா?" என்பது அவன் கட்சி.

பணம் தாராளமாக இருக்குமிடத்தில் இந்த நான்கு விருப்பங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. அளவான பணம்தான் யாருடைய தேவை முந்தியது என்ற கேள்வியைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து போடுகிறது. அக்கேள்விக்குக் கடைக்காரரால் விடை சொல்ல முடியாது; வீடுதான் சொல்ல வேண்டும். ஆகவே, கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் யார் யார், எந்தெந்த வேலையை, எவ்வளவு நேரம் செய்வார்கள் என்று எழுதினோம். எழுதி முடித்ததும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. நான்கில் மூன்று பேருடைய வேலைக்குத் தனிக் கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. மேற்படி கார்டு ஒன்றின் விலையோ மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடக் கூடியது.

அடுத்தபடியாக, கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருக்கும்போது நாம் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று யோசித்தோம். பெரும்பாலும் காத்திருப்பது கணக்குப் போடுவதற்காக அன்று. சேமித்து வைத்ததை எடுத்துத் தருவதற்காகத்தான். பழைய ஹார்டு டிஸ்கில் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. ஒரு முள் அதன்மேல் அங்குமிங்கும் ஓடித் தேடுகிறது. மிக வேகமாகப் படிக்கும்போதும் விநாடிக்கு 150 அல்லது 200 மெகாபைட்டுக்குமேல் அதனால் தர இயலாது. சிதறிக் கிடக்கும் சிறு சிறு விஷயங்களைத் தேடும்போது இன்னும் வெகு குறைவு. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. அதில் சாதாரண ரகமே 500 மெகாபைட்டுக்கு மேல் தரும். மதர்போர்டிலேயே படுத்துக்கொள்ளும் என்.வி.எம்.இ. ரகம் ஆயிரக்கணக்கில் தரும். ஆகையால், எதைக் குறைத்தாலும் எஸ்.எஸ்.டி. மட்டும் இல்லாமலிருக்கக் கூடாது என்று முதல் தீர்மானம் ஆயிற்று. ஒரு டெராபைட் வேண்டியதில்லை. 500 ஜிகாபைட் நமக்குப் போதும்.

இரண்டாவது பிராஸஸர். "ஐ-5 இருக்கிறதா?" என்று கேட்பதே இதில் பெரும்பாலோருடைய பரீட்சை. ஐ-5 என்ற பெயர் 2009-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அந்தக் காலத்து ஐ-5-ம், பத்து வருஷம் கழித்து வந்த ஐ-5-ம் பெயரில்தான் அண்ணன் தம்பிகள்; திறமையில் தாத்தாவும் பேரனும். பெயரை விட்டுவிட்டுப் பிறந்த வருஷத்தைக் கேட்க வேண்டும். இன்னொன்று: இன்டெல் பிராஸஸரின் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், படம் காட்டும் பகுதி அதில் கிடையாது, தனிக் கார்டு வாங்கினாலொழிய மானிட்டர் இருண்டே கிடக்கும். சில நூறு ரூபாய் மலிவு என்று அதை எடுப்பவர்கள் பிறகு பல ஆயிரம் செலவிட நேரும். நாம் எடுத்தது ஏ.எம்.டி.யின் ரைஸன் 5600-ஜி. 2021-ஆம் ஆண்டு வெளிவந்தது, ஆறு கோர்கள், படம் காட்டும் பகுதி உள்ளேயே அடங்கியது. புதுமையில் முதல் வரிசையில் நிற்பதன்று. ஆனால் நம் காகிதத்தில் எழுதிய வேலைகளைச் சிரமமின்றிச் செய்துவிடும்.

மூன்றாவது விஷயத்தைக் கடைக்காரர்கள் கடைசியில்தான் சொல்வார்கள். ஆலோசகர்களோ சொல்லவே மாட்டார்கள். அது எஸ்.எம்.பி.எஸ்., அதாவது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை யந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. காபினெட்டோடு இனாமாக ஒன்று தருவார்கள். அதை வணக்கத்துடன் திருப்பிக் கொடுத்துவிடுவது உத்தமம். அது கெடும்போது தனியாகக் கெடுவதில்லை. மதர்போர்டையும் கூட அழைத்துக்கொண்டு போனாலும் போகும். '80 பிளஸ்' என்ற முத்திரை பெற்ற பெட்டி என்றால், வாங்கும் மின்சாரத்தில் எண்பது சதவீதத்துக்குக் குறையாமல் யந்திரத்துக்குத் தருவதாகப் பரீட்சித்து ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். அதோடு ஒரு சிறு யு.பி.எஸ். மடிக் கம்ப்யூட்டருக்கு வயிற்றிலேயே பாட்டரி உண்டு. மேஜைக் கம்ப்யூட்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மின்சாரம் போனால், எழுதியதைச் சேமித்துவிட்டு முறைப்படி நிறுத்துவதற்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் போதும். யு.பி.எஸ்.ஸின் விலையைத் தனிச் செலவாக எண்ணாமல் கம்ப்யூட்டரின் விலையிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாமான்களின் விலை நாளுக்கு நாள் மாறுவது. ஆகையால், பழைய வழக்கப்படி ரூபாய்க்குப் பதினாறு அணாவாக வைத்து, நம் பங்கீட்டை மட்டும் சொல்லுகிறோம். பிராஸஸருக்கு நாலணா; மதர்போர்டுக்கு இரண்டணா; ரேமுக்கு இரண்டணா; எஸ்.எஸ்.டி.க்கு ஒன்றரையணா, மானிட்டருக்கு இரண்டரையணா, காபினெட்டுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் சேர்த்து இரண்டணா, விசைப்பலகைக்கும் மௌஸுக்கும் அரையணா, யு.பி.எஸ்.ஸுக்கு ஓரணா. பாக்கி அரையணா ஆட்டோ சத்தத்துக்கும் அகஸ்மாத்தான செலவுக்கும்.

ரேமுக்கு இரண்டணா என்பதுதான் நெஞ்சை உறுத்திய பங்கு. 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் உலகெங்கும் ரேமின் விலை மளமளவென்று ஏறியது. செயற்கை அறிவுக்காகக் கட்டப்படும் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் நிலையங்களுக்கே சில்லு செய்யும் கம்பெனிகள் முதலிடம் கொடுத்ததே காரணம். எங்கோ எழும்பும் யந்திர மாளிகைக்கும், நம் வீட்டுச் சீட்டுப் பணத்துக்கும் இப்படி ஒரு சம்பந்தம் ஏற்படும் என்று யார் கண்டார்கள்? 16 ஜிகாபைட் வாங்குவதென்றால் மானிட்டரைச் சிறிதாக்க வேண்டும். மானிட்டரைச் சிறிதாக்கினால் தகப்பனாரின் கண்ணுக்குக் கஷ்டம். 8 ஜிகாபைட்டில் ஒற்றைத் துண்டு வாங்கி, மற்ற இடத்தைக் காலியாக விட்டால் மூன்று பேருக்கும் குறையில்லை. ஆனால் ரேம் இரட்டையாக இருந்தால்தான் உள்ளடங்கிய கிராபிக்ஸ் சுறுசுறுப்பாக ஓடும். ஆகவே, குறை முழுவதும் சின்னப் பையன் தலையில் விழுந்தது.

அவன் அழவில்லை. அழுதிருந்தால் நமக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். வீட்டு அம்மாள்தான் அவனை அழைத்துவந்து மதர்போர்டின் படத்தைக் காட்டி, "இதோ பார், இந்த இடம் உனக்காகக் காலியாக இருக்கிறது. இதில் வேறு யாரும் எதையும் வைக்கப் போவதில்லை" என்றார். மேஜைக் கம்ப்யூட்டரின் பெருமை முழுவதையும் நாம் இத்தனை பத்திகளில் எழுதியும் அவ்வளவு அழகாகச் சொல்லிவிட முடியாது. கைப்பேசியும், மடிக் கம்ப்யூட்டர்களில் பலவும் வாங்கிய அன்றே முடிந்துபோன விஷயங்கள். மேஜைக் கம்ப்யூட்டர் ஓட்டு வீட்டைப் போன்றது. இன்று ஒரு கூடம், கையில் பணம் சேர்ந்ததும் ஓர் அறை.

பிறகு சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் சென்றோம். ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் ஒரு முற்பகல் நடந்தால், கம்ப்யூட்டர் என்பது வானத்திலிருந்து இறங்கிய வஸ்துவன்று, கத்தரிக்காயைப் போலக் கூறுகட்டி விற்கும் பண்டம்தான் என்ற தைரியம் பிறந்துவிடும். ஒரு கடையில் பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத வரி மிச்சம் என்றார்கள். வரி மிச்சம்தான், ஆனால் மூன்று வருஷ உத்தரவாதமும் அதோடு போய்விடும். இன்னொரு கடையில், ஆபீஸ்களிலிருந்து கழித்த யந்திரம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார்கள். அது மோசமான யோசனையன்று. ஆனால் விண்டோஸ் 10-க்கு இலவசப் பராமரிப்பு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல்லாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததை ஏற்றுக்கொள்வதில்லை. மேற்படி யந்திரம் ஆறாம் தலைமுறை! மூன்றாவது கடையில் தவணை முறை, வட்டி கிடையாதாம். 'பூஜ்ய வட்டி' என்பதில் வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கும் என்று ரிசர்வ் வங்கியே 2013-ஆம் ஆண்டில் சுட்டிக் காட்டியிருப்பதை நினைத்துக்கொண்டு நடையைக் கட்டினோம்.

சாமான் வாங்கிய கடையில் ஒரு பையன், "விண்டோஸ் சும்மா போட்டுத் தருகிறேன் சார்" என்றான். 'சும்மா' என்றால் கள்ளப் பிரதி. பூட்டை வாங்கிச் சாவியைத் திருடனிடம் கொடுப்பதற்கு அது சமானம். நேர்மையாகவே சும்மா கிடைப்பது ஒன்று இருக்கிறது. 1991-ஆம் ஆண்டில் ஹெல்ஸிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகத்தார் பலர் கூடி வளர்த்த லினக்ஸ்தான் அது. அதன் வழியில், இந்திய சர்க்காரின் சி-டாக் நிறுவனம் நம் சென்னையிலேயே உருவாக்கிய 'பாஸ்' என்பதும் உண்டு. விண்டோஸுக்கு ஒதுக்க நம் பதினாறு அணாவில் இடமில்லை, லினக்ஸே குடியேறியது. பைதானும், கணக்கெழுதும் லிபர்ஆபீஸும், 1999-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைமுறையும் அதில் செலவின்றி நடக்கின்றன.

இப்போது யந்திரம் கூடத்தில் இருக்கிறது. சாதாரண வேலைகளில் மானிட்டர் உட்பட ஏறக்குறைய ஒரு பழைய அறுபது வாட் குண்டு பல்பின் மின்சாரத்தையே செலவழிக்கிறது. காலையில் வடகக் கணக்கு, மாலையில் பழைய புத்தகம், இரவில் பைதான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மட்டும் பழைய காலத்து எளிய விளையாட்டுக்களுடன் சின்னப் பையனுடைய ராஜ்யம். அலமாரியின் மேல் அவனுடைய உண்டியல் ஒன்று இருக்கிறது. அதன்மேல் "ரேம் 8 ஜி.பி." என்று அவன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறான். சென்ற வெள்ளிக்கிழமை தகப்பனார், பென்ஷன் வாங்கி வந்த கையோடு அதில் எதையோ போட்டதை நாம் பார்த்தோம். பார்க்காதது போல் இருந்துவிட்டோம்.