எந்த ஜெயா?

எங்கள் ஊர்ப் பக்கம் வந்து, "ஜெயா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்களேன். "எந்த ஜெயா?" என்றுதான் பதில் வரும். விளையில் இருக்கிற ஜெயா என்றால், "எந்த விளை?" என்பார்கள்! பள்ளிவிளை, கட்டையன்விளை என்று நாகர்கோவிலைச் சுற்றி விளைகளுக்கா பஞ்சம்? திண்ணைப் பேச்சில் இது வேடிக்கை. வியாபாரக் கணக்கில் வேடிக்கையில்லை.

என் மயினி வீட்டிலேயே ஏத்தங்காய்ப் பொடி தயாரித்து விற்கிறார். கணக்கு என் பொறுப்பு. ஏத்தங்காய் என்றால் நேந்திரங்காய். தோல் சீவி, நறுக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பொடித்தால் குழந்தைக்குக் கூழ் காய்ச்சலாம். (ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான். நாலாம் மாதமே பொடி கேட்கிறவர்களுக்கு மயினி கொடுப்பதில்லை.) சத்துமாவும் உண்டு; அதில் முந்திரி சேரும்.

முன்பு நோட்டில் எழுதினோம். இப்போது கம்ப்யூட்டரில் எக்ஸெல் அட்டவணை. 1979-ல் வந்த விசிகால்க் என்ற முதல் அட்டவணையில் 254 வரிகள்தானாம்; இன்றைய எக்ஸெலில் 10,48,576. நாங்கள் மூவாயிரத்தைத்தான் தாண்டியிருக்கிறோம். அதற்கே கண் பூத்துப் போகிறது.

போன ஆவணியில் ஒரு சாயங்காலம் ஃபோன். "அக்கா, நான் ஜெயா ஆக்கும். உங்க மாவு குடுத்தேன், பிள்ளைக்கு வாயைச் சுத்தித் தடிச்சுப் போச்சு. கவரைத் தூரப் போட்டுட்டேன். அதுல என்னெல்லாம் உண்டு?"

மூச்சு வாங்குகிறதா என்று முதலில் கேட்டேன். இல்லை என்றாள். "இருந்தாலும் இப்பவே டாக்டர்கிட்ட கொண்டு போம்மா, இனி அதைக் குடுக்காத. ஆட்டோவுல ஏறு, நான் பார்த்துச் சொல்லுதேன்" என்றேன்.

பட்டியலில் ஜெயா 41 பேர்! அவள் பேசியதோ மாமியார் ஃபோனில். அவளுடைய சொந்த எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைக் கேட்டு, கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஃப் தட்டி, அந்த நாலையும் போட்டேன். ஒரே வரி வந்து நின்றது. வாங்கியது ஏத்தங்காய்ப் பொடியல்ல, முந்திரி சேர்ந்த சத்துமாவு. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் சொல்லிவிட்டேன். டாக்டரும் அதைத்தான் முதலில் கேட்டாராம். ராத்திரியே வீக்கம் வடிந்தது. இப்போது அந்த வரியில் "முந்திரி கூடாது" என்று சிவப்பில் இருக்கிறது.

பெயரைவிட எண் நம்பகமானது என்பது என் அபிப்பிராயம். எண்ணை இடைவெளி விடாமல் பத்து இலக்கமும் சேர்த்து எழுதிவிட வேண்டும். ஒருத்தி நடுவில் இடம் விட்டு, இன்னொருத்தி விடாமல் எழுதினால் தேடும்போது அகப்படாது.

பெயரை வைத்தே தேட வேண்டுமானால், 'ஃபைண்ட் ஆல்' பொத்தானை அழுத்துங்கள். எல்லா ஜெயாக்களும் கீழே பட்டியலாக வந்துவிடுவார்கள். ஆங்கில எழுத்தில் பெயர் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. தங்கத்துக்கு நடுவில் ஒருத்தர் 'ஜி' போடுவார், ஒருத்தர் 'கே' போடுவார். சந்தேகமான அந்த ஓர் எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறி போட்டுத் தேடினால் இரண்டு தங்கமும் கிடைப்பார்கள். ஊர்ப் பெயருக்குத் தனிப் பத்தி வைத்துக்கொண்டால், 'ஃபில்டர்' போட்டு ஒரு விளையை மட்டும் பிரித்துப் பார்க்கலாம்.

அகர வரிசைப்படுத்தும்போது மட்டும் ஜாக்கிரதை! பெயர்ப் பத்தியை மட்டும் தனியாக வரிசைப்படுத்தினால் பெயர்கள் நகரும், மற்றவை அப்படியே நிற்கும். ஒருத்தி குழந்தையின் முந்திரி எச்சரிக்கை இன்னொருத்தி குழந்தைக்குப் போய்விடும். கம்ப்யூட்டர் கேட்கும்போது, முழு அட்டவணையும் சேர்ந்து நகரட்டும் என்றே சொல்லுங்கள்.

மூவாயிரம் பெண்களின் ஃபோன் எண்ணும் குழந்தைகளின் விவரமும் இருப்பதால் பூட்டுச் சொல் போட்டு வைத்திருக்கிறோம். அது மயினிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் பென் டிரைவில் ஒரு பிரதி. அது அரிசிப் பானைக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது.