சமையல்கட்டில் ஒரு ஜெப அறை

காலையில அஞ்சு மணிக்கு அலாரம் வைக்கிறீங்க. எழுந்ததும் ஒரு அதிகாரம் வேதம், பத்து நிமிஷம் ஜெபம், அப்புறம்தான் மத்ததெல்லாம்னு தீர்மானம். திங்கள், செவ்வாய் ஓகே. புதன்கிழமை? ரெக்கார்டு நோட்டை முடிச்சுட்டு ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்ததுல, கண் விழிக்கும்போது மணி எட்டு! 'ஆண்டவர் கோவிச்சுக்கிட்டிருப்பாரோ'ன்னு ஒரு உறுத்தல். அதுக்கப்புறம் அந்த வாரம் முழுக்க வேதத்தைத் தொடவே கூச்சமா இருக்கும். சரிதானே?

உங்களுக்கு ஒரு சமையல்காரரை அறிமுகப்படுத்துறேன். பெயர் சகோதரர் லாரன்ஸ். 1614 வாக்கில் லொரேன் பகுதியில் பிறந்தவர். சிப்பாயா இருந்து, போரில் காயப்பட்டு, கால் ஊனமானவர். 1640-ல் பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்தில் சேர்ந்தார். குருவாக இல்லை, சாதாரண சகோதரராகத்தான். அவருக்குக் கிடைச்சது சமையல்கட்டு வேலை. இதுல எனக்குப் பிடிச்ச விஷயமே, அவருக்கு அந்த வேலை சுத்தமா பிடிக்காதுங்கறதுதான்! ஆனாலும் பதினைஞ்சு வருஷம் அங்கேயே இருந்தார். ஒருமுறை மடத்துக்கு ஒயின் வாங்க பர்கண்டிக்கு அனுப்பினாங்க. படகுல நடக்க முடியாம பீப்பாய்கள் மேலே உருண்டு உருண்டுதான் நகர்ந்தாராம்.

இந்த மனுஷன் ஜெப நேரம், வேலை நேரம்னு பிரிச்சுப் பார்க்கலை. அடுப்படி இரைச்சலுக்கு நடுவிலும் ஆண்டவரோட பேசிக்கிட்டே இருந்தார். ஒரே நாள்ல வந்த பழக்கம் இல்லை இது. முதல் பத்து வருஷம் தன் பாவத்தை நினைச்சே தவிச்சிருக்கார். பிற்பாடு மனசு எங்கேயாவது அலைஞ்சா, அதை ஆண்டவர்கிட்ட ஒத்துக்கிட்டு, புலம்பாம திரும்பி வந்துடுவார். அவ்வளவுதான்.

'அப்போ காலையில எழுந்திருக்கவே வேண்டாமா?'ன்னு துள்ளாதீங்க. மடத்தின் ஜெப நேரங்களுக்கு அவரும் போனவர்தான்.

நான் இவரைப் படிச்சது ஃபைனல் இயர்ல. அப்பா பக்கவாதத்துல படுத்திருந்தார். படுக்கைப் புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்கணும். பகல்ல அம்மா, ராத்திரி நான். முழங்கால் போட நேரம் ஏது? போட்டா அப்படியே தூங்கிடுவேன். ஏன் எங்க வீட்டுக்கு இப்படின்னு ஆண்டவர்கிட்ட கேட்கக்கூடத் தெம்பில்லை.

ஒரு ராத்திரி மூணாவது தடவையா துணி மாத்தும்போது அப்பா கண் கலங்கிடுச்சு. பேச்சு வரலை. ஊர்ல நாலு பேருக்குப் பஞ்சாயத்து பேசின மனுஷன், மகன் முன்னாடி வெட்கத்துல முகத்தைத் திருப்பிக்கிட்டார். காலையில எனக்கு இன்டர்னல் பரீட்சை. அந்த நிமிஷம் என் கையில இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்: என் முகத்துல சலிப்பு தெரியணுமா, வேண்டாமா? 'ஆண்டவரே, கூட நில்லுங்க'ன்னு முணுமுணுத்தேன். அன்னிக்கு என் மொத்த ஜெபமும் அதுதான். வெந்நீர்ல துணியை நனைச்சு, குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி மெதுவா துடைச்சேன். 'நான் சின்னப் பையனா இருந்தப்போ நீங்க எத்தனை தடவை மாத்தியிருப்பீங்க'ன்னு சொன்னேன். அப்பா உதடு ஒரு பக்கமா கோணி... சிரிச்சார்! கிருபைன்னா தகுதியில்லாதவங்களுக்குக் கிடைக்கிற தயவுன்னு சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணியிருக்கேன். அது வெந்நீர்ல நனைச்ச துணி மாதிரி வெதுவெதுப்பா இருக்கும்னு யாரும் சொல்லித் தரலை.

உங்க வீட்ல இப்படி ஒரு கட்டில் இல்லாம இருக்கட்டும். ஆனா மெஸ் க்யூவுல நடுவுல நுழையறவன் இருப்பான், வாங்கின ஐநூறைத் திருப்பித் தராத ரூம்மேட் இருப்பான். பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடற நேரம் கிடைக்கும் பாருங்க, அங்கே ஒரு வார்த்தை ஆண்டவர்கிட்ட பேசலாம். ஐநூறைக் கேட்கக் கூடாதுன்னு சொல்லலை. கேளுங்க, அவன் மானத்தை வாங்காம கேளுங்க.

பிற்காலத்துல லாரன்ஸை செருப்புத் தைக்கிற வேலைக்கு மாத்தினாங்க. அது அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம். அதையும் விடச் சொன்னா உடனே விடத் தயாராத்தான் இருந்திருக்கார், 1691-ல் கண்ணை மூடின அந்தச் சமையல்காரர்.