அசையும் மண்ணில் அசையாத வீடு

தமிழ்நாட்டில் கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களில் பரந்து கிடப்பது கரிசல் மண். மழைநீரை நெடுநாள் பிடித்து வைத்துக்கொள்ளும் இம்மண், பருத்திக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் தாய்மடி. ஆனால், உழவருக்கு வரமாக அமைந்த அக்குணமே வீடு கட்டுவோருக்குச் சோதனையாகிவிடுகிறது.

கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் எனும் களிமண் கனிமம் மிகுந்துள்ளது. அது மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்தாற்போன்ற அமைப்புடையது. மழைக்காலத்தில் அத்தகடுகளுக்கிடையே நீர் புகுவதால் மண் உப்புகிறது. கோடையில் நீர் வற்றியதும் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது.

நிலம் முழுவதும் ஒரே சீராக ஏறி இறங்கினால் வீட்டுக்குத் தீங்கு குறைவு. நடப்பதோ வேறு. வீட்டின் ஓரத்திலுள்ள மண் மழையில் நனைகிறது. கூரையின்கீழ், நடுவிலுள்ள மண் அவ்வளவாக நனைவதில்லை. ஒரு பக்கம் உயர, மறுபக்கம் அப்படியே நிற்க, சுவர் இழுபடுகிறது. மண்சுவர் பாரத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால், கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. “மண்வீடு என்றால் இப்படித்தான்” என்று பலர் சுவரைப் பழிக்கின்றனர். அதே நிலத்தில் சிமெண்டுச் சுவரும் விரிசல் விடுவதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. குறை சுவரில் இல்லை, அடித்தளத்தில் இருக்கிறது.

இதற்குத் தீர்வு உண்டு. ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைத் தாண்டி ஆழமாகத் தோண்டி, உப்பாத சரளை மண்ணை அடுக்கடுக்காக நிரப்பி இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் கம்பி வைத்த காங்கிரீட் பட்டையை வீட்டைச் சுற்றி அமைத்தால், சுவர்கள் ஒன்றோடொன்று கட்டுண்டு நிற்கும். கரிசல் மிக ஆழமாக உள்ள இடங்களுக்கு, அடியில் குமிழ்போல் விரிந்த காங்கிரீட் தூண்களை இந்தியாவின் ரூர்க்கி நகரிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்து பரப்பியது. அத்தூண்கள் ஈரம் மாறாத ஆழத்தைப் பற்றிக்கொள்கின்றன.

கட்டி முடித்த பிறகும் காவல் தேவை. கூரைநீர் சுவரோரம் விழக் கூடாது. குளியலறை நீர் அருகில் தேங்கக் கூடாது. வீட்டைச் சுற்றி வெளிப்புறம் சரிந்த தளம் வேண்டும். பெரிய மரங்களும் சற்றுத் தள்ளியே வளர வேண்டும். வேர்கள் நீரை உறிஞ்சினால் அங்குள்ள மண் மட்டும் சுருங்கி இறங்கிவிடும்.

ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமே வீடாக எழுகிறது. அதில் ஒரு பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் புதைப்பது வீண் எனச் சிலருக்குத் தோன்றலாம். சுவரின் வண்ணத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அடித்தளத்தை அப்படி மாற்ற இயலுமா? மண்ணோடு மல்லுக்கு நிற்பவரைவிட, மண்ணின் குணமறிந்து கட்டுபவரின் வீடே நிலைத்து நிற்கும்.